அமேடியஸ் 4கே டிஸ்க்: அந்த கடைசி அரை மணி நேரத்துக்காகவே வாங்கலாம்

மூணு வாரம் காத்திருந்து வந்துச்சு. வெளிநாட்டு டிஸ்க்கு, 3,000 ரூபாய்க்கு மேல ஆச்சு, ஆனா வித்தவங்க ஒரு அட்டைப்பெட்டி கூட போடாம வெறும் கவர்ல அனுப்பிட்டாங்க, கேஸ் ஓரம் விரிசல், உள்ள டிஸ்க்க புடிச்சிருக்கிற பல்லு ரெண்டு உடைஞ்சு கிடந்துச்சு. நல்லவேளை டிஸ்க்குல கீறல் இல்ல. காரைக்குடி வரைக்கும் வர்ற பார்சல் எத்தனை கை மாறி வருதுன்னு அவங்களுக்குத் தெரியாதா, அந்த விலைக்கு கொஞ்சம் பொறுப்பா கட்டி அனுப்பியிருக்கலாம்.

சரி படத்துக்கு வர்றேன். 1984-ல வந்த படம், மிலோஸ் ஃபோர்மன் டைரக்‌ஷன், 8 ஆஸ்கர், பீட்டர் ஷாஃபரோட நாடகத்துல இருந்து எடுத்தது. மோட்சார்ட் மேல பொறாமைப்பட்டு வெந்துபோன சாலியேரிங்கிற இன்னொரு இசைக்காரரோட கதை. இந்த 4கே, அதாவது ரொம்ப துல்லியமான பிக்சரோட வர்ற டிஸ்க்கு, 2025-ல வந்துச்சு, இதுல இருக்கிறது முதல்ல தியேட்டர்ல ஓடின 160 நிமிஷ படம். 2002-ல வந்த டைரக்டர்ஸ் கட், அதாவது வெட்டின சீனெல்லாம் திரும்ப சேத்த நீள வெர்ஷன், கிட்டத்தட்ட மூணு மணி நேரம், இத்தன வருஷமா நான் பாத்துட்டிருந்தது அதைத்தான்.

பிக்சர் பத்தி குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆபரா (பாட்டாவே நடக்கிற நாடகம்) சீன் பலதும் ப்ராக் ஊர்ல 1787-ல மோட்சார்ட்டோட டான் ஜியோவானிங்கிற ஆபரா முதமுதல்ல அரங்கேறின அதே தியேட்டருக்குள்ளயே எடுத்தது, அந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்துல முகமும் இருட்டும் தனித்தனியா தெரியுது, முன்னாடி எல்லாம் ஒரே கருப்பு குழம்பா இருக்கும். எங்க வீடு பழைய வீடு, டிவி பட்டாலைல (கூடத்துல) இருக்கு, பகல்ல வளவு (நடு முத்தம்) வெளிச்சம் அப்படியே ஸ்க்ரீன்ல விழும், இதை ராத்திரிதான் பாக்கணும். சவுண்டுக்கு நல்ல ஸ்பீக்கரோ ஹெட்போனோ கண்டிப்பா வேணும், டிவி ஸ்பீக்கர்ல அடி நரம்பு கருவிங்க சத்தமே வராது, கடைசி அரை மணி நேரம் அது மேலதான் நிக்குது.

அந்த அரை மணி நேரத்தைப் பத்தித்தான் எழுத வந்தேன்.

எங்கூட பாத்தது எங்க தாய்மாமா. ஆத்தங்குடி பூக்கல்லு, அதாவது தரைக்கு போடுற பூ டைல், செய்யற பட்டறைல முப்பது வருஷத்துக்கு மேல வேலை. இங்கிலீஷ் தெரியாது, தமிழ் சப்டைட்டில் இந்த டிஸ்க்குல கிடையாது, அதனால நான் பக்கத்துல உக்காந்து முக்கியமான இடத்துல சொல்லிட்டே இருந்தேன். சாகக் கிடக்கிற மோட்சார்ட் படுக்கைல இருந்தபடியே ரெக்வியம்ல (செத்தவங்களுக்காக சர்ச்சுல பாடுற இசை) ஒரு பகுதிய வாயால சொல்ல சொல்ல சாலியேரி எழுதுறாரு இல்ல, முதல்ல ஆம்பள குரலு, அப்புறம் ட்ராம்போன், அப்புறம் கீழ ஓடுற நரம்பு கருவிங்க, மெதுவா சொல்லுப்பா புரியலன்னு சாலியேரி கெஞ்சுறாரு, சட்டுனு புரிஞ்சதும் அவர் முகத்துல ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, சாலியேரியா நடிச்ச எஃப். முர்ரே ஆப்ரஹாமுக்கு ஆஸ்கர் குடுத்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்னு நான் நினைக்கிறேன். அந்த இடத்துல நான் எதுவும் சொல்லவே இல்ல. மாமாவே சொன்னாரு, "இவன் சொல்றான், அவன் ஊத்துறான்".

ஊத்துறதுன்னா எங்க ஊர்ல என்னன்னு சொல்லணும். பூக்கல்லு கண்ணாடி மேல செய்யறது. கண்ணாடிய துடைச்சு அச்ச வச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் கலவைய சின்ன கரண்டியால ஊத்தணும், அச்ச ஆடாம எடுக்கணும், அது மேல காஞ்ச கலவை தூவி, அப்புறம் சிமெண்ட் கலவை போட்டு மட்டம் பண்ணி, தண்ணில போட்டு, வெயில்ல காயவச்சு, கடைசில கண்ணாடி விட்டு வரும்போதுதான் பூ எப்படி விழுந்திருக்குன்னே தெரியும். செய்யும்போது பூவோட முகம் கீழ இருக்கு. மாமாவோட பட்டறைல ஒரு பெரியவர் இருந்தாரு, அவர் அச்சே இல்லாம கரண்டியால கண்ணாடில கோடு இழுப்பாரு, கொடி அப்படியே ஓடும். அதே கலவை, அதே கரண்டி, அதே வெயில். பக்கத்துல உக்காந்து அச்சு வச்சு ஊத்தினது எங்க மாமா.

படம் முடிஞ்சு அன்னிக்கு ராத்திரிதான் அவர் இதை சொன்னாரு, நான் கேக்கவே இல்ல. பல வருஷம் அந்த பெரியவர் கை நடுங்கணும்னு நினைச்சிருக்கேன் மாப்ளேன்னாரு. நடுங்கவும் நடுங்கிச்சு. கடைசி வருஷம் ஒரு வீட்டுக்கு பார்டர் கல்லு, பெரியவர் ஸ்டூல்ல உக்காந்து இங்க இழு, இங்க நிறுத்து, இங்க மெல்லிசுன்னு சொல்ல, கரண்டி மாமா கைல. ஒரு மாசம். "அந்த ஒரு மாசம் எனக்கு அவர் மேல கோவமே வரல, வேலை எங்க வருதுன்னுதான் பாத்துட்டிருந்தேன்". நான் எத்தனையோ தடவை இந்த படத்த பாத்திருக்கேன், அந்த எழுதுற ராத்திரில சாலியேரி பொறாமைப்படலங்கிறது மாமா சொன்ன பிறகுதான் எனக்கு முழுசா தெரிஞ்சுது. எழுதி முடிச்சு அதை தன் பேர்ல போட்டுக்கணும்ங்கிற திட்டத்தோட வந்த ஆளு, பேனா ஓட ஆரம்பிச்சதும் அடுத்த வரி என்னன்னு தவிக்கிறாரு, அவ்வளவுதான்.

நடுவுல மோட்சார்ட் சொல்றான், உனக்கு என்னையும் என் பாட்டையும் புடிக்காதுன்னு நினைச்சுட்டேன், என்னை மன்னிச்சிருன்னு. யாரு யாருகிட்ட கேக்கறதுன்னு பாருங்க! படமே சாலியேரி "மோட்சார்ட், உன்ன கொன்னவன மன்னிச்சிரு"ன்னு கத்துறதுலதான் ஆரம்பிக்குது. மன்னிப்பு குடுக்க வந்த பாதிரியார் கதைய கேட்டு முடிச்சு அழுதுட்டு வாயடைச்சு உக்காந்திருக்காரு. யாருகிட்டயும் கிடைக்காத மன்னிப்ப கடைசில சாலியேரி தானே குடுக்க ஆரம்பிக்கிறாரு. சக்கர நாற்காலில பைத்தியக்கார ஆஸ்பத்திரி வராண்டால தள்ளிட்டு போறாங்க, ரெண்டு பக்கமும் சங்கிலியில கிடக்கிறவங்க, உலகத்துல இருக்கிற சுமாரான ஆளுங்களுக்கெல்லாம் நான்தான் காவல் புனிதர், உங்க எல்லாரையும் மன்னிக்கிறேன்னு கைய தூக்கி ஆசீர்வாதம் பண்றாரு. பின்னாடி மோட்சார்ட்டோட 20-வது பியானோ கான்செர்ட்டோ நடுப்பகுதி, அவ்வளவு சாந்தமா. அப்புறம் அந்த சிரிப்பு.

என்ன சொல்றாருன்னு மாமா கேட்டாரு. சொன்னேன். "மன்னிக்கிறதுக்கு நாம என்னடா தப்பு பண்ணோம்"னாரு. எனக்கு பதில் வரல, இப்பவும் வரல. படம் சாலியேரி சொல்றத நம்மள நம்பச் சொல்லுதான்னு கேட்டா, இல்லன்னுதான் தோணுது. மோட்சார்ட் எழுதின நோட்ட கைல எடுத்து பாத்த உடனே அதோட அருமை தெரிஞ்ச ஆளு அந்த ஊர்லயே அவர் ஒருத்தர்தான், ராஜாவுக்கே தெரியல. அவ்வளவு காது இருக்கிறவர் தன்ன சுமார்னு எழுதி வச்சுட்டு அதுக்கு ஒரு பட்டமும் சூட்டிக்கிறாரு.

நிஜ சாலியேரிய நினைச்சாதான் மனசு ஆறல. பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் மூணு பேருக்கும் சொல்லிக்குடுத்தவர், மோட்சார்ட்டோட சின்ன பையனுக்கும் வாத்தியார். 1791 அக்டோபர்ல தன்னோட மேஜிக் ஃப்ளூட் ஆபராவ பாக்க சாலியேரிய மோட்சார்ட்டே கூட்டிட்டு போயிருக்காரு, ஒரு பாட்டு விடாம சபாஷ் போட்டாருன்னு பொண்டாட்டிக்கு எழுதின லெட்டர் இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கூட இல்ல, மோட்சார்ட் 35 வயசுல போயிட்டாரு. விஷம் வச்சாருங்கிறதெல்லாம் வதந்தி, அந்த ராத்திரி சீனும் கற்பனை, ரெக்வியத்த முடிச்சது சூஸ்மயர்ங்கிற சிஷ்யன். இதெல்லாம் தெரிஞ்சும் அந்த சீன் பொய்யா தோணல எனக்கு.

எந்த கட் வாங்கறதுன்னா, நீள வெர்ஷன்ல மோட்சார்ட் மனைவி கான்ஸ்டான்ஸ சாலியேரி அவமானப்படுத்தி வேலைக்காரன விட்டு வெளிய அனுப்புற சீன் இருக்கு, அதனாலதான் கடைசில அவ வந்து உங்கள வாசல் வரை கொண்டுவிட எங்ககிட்ட வேலைக்காரங்க இல்லன்னு சொல்றது சுருக்குன்னு குத்தும். இந்த 4கேல அந்த சீன் கிடையாது, அந்த வரி சும்மா வந்து போகுது. இருந்தும் எனக்கு இப்ப இந்த சின்ன வெர்ஷன்தான் புடிக்குது, அந்த அவமானத்த பாத்த பிறகு எழுதுற ராத்திரில சாலியேரி பக்கத்துல என்னால உக்கார முடியல. ரெண்டும் வச்சுக்க முடிஞ்சா வச்சுக்கங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை பட்டறைப் பசங்க நாலு பேர கூட்டிட்டு வர்றேன்னிருக்காரு மாமா. முழுசா வேணாம், அந்த ராத்திரில இருந்து போட்டா போதும்னாரு. முதல்ல இருந்துதான் போடுவேன்னு சொல்லிட்டேன், பனில கதவுக்குப் பின்னாடி இருந்து அந்த கிழவன் மன்னிச்சிருன்னு கத்துறது காதுல விழுந்திருக்கணும்.