ஹீட்டர் வால்வு ஒழுகுதா? மாற்றுவதா, பைபாஸ் போடுவதா?

மதுரையில் கார் வைத்திருக்கும் யாரிடமாவது "ஹீட்டர் வால்வு ஒழுகுது" என்று சொல்லிப் பாருங்கள். "சித்திரை வெயிலு மண்டையப் பொளக்குது, இதுல உனக்கு ஹீட்டர் ஒண்ணுதான் கேடா?" என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் ஊரில் அந்த வால்வுக்கு ஆண்டில் முக்கால்வாசி நாள் ஒரே வேலை, மூடிக்கொண்டு இருப்பது. இன்ஜினைச் சுற்றி வரும் சூடான கூலண்டில் ஒரு பங்கு, ஓஸ் வழியாக டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. பழைய மாருதி 800 போன்ற கேபிள் வைத்த வண்டிகளில் அந்த வழியைத் திறப்பதும் அடைப்பதும் இந்த வால்வுதான். மெக்கானிக் வாயில் அது ஹீட்டர் காக். அது சரியாக மூடாவிட்டால் ஏசி ஒரு பக்கம் குளிர்விக்க, கோர் இன்னொரு பக்கம் சுட வைக்கும். மதுரைக்காரருக்கு ஹீட்டர் வால்வு என்பது உண்மையில் ஏசியின் உறுப்பு.

அதனால் கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் இரண்டு கேள்வி கேட்டுத்தான் எடை போடுகிறேன். வெந்நீரை நிறுத்துகிறதா? பிரஷர் தாங்குகிறதா? விலை அதற்குப் பிறகு.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

வண்டி ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து, வால்வைத் துணியால் துடைத்து, இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிள் மாட்டியிருக்கும் கை சுழலும் இடத்தில் ஈரம் வந்தால் உள்ளே ஓ-ரிங் தேய்ந்துவிட்டது, வால்வு போனது போனதுதான். ஓஸ் மாட்டும் மூக்கில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் யாரோ கிளிப்பை ஆசை தீர முறுக்கியிருக்கிறார்கள். ஓஸின் முனை மட்டும் கசிந்தால் வால்வின் மேல் பழி இல்லை. முனையை ஒரு அங்குலம் வெட்டிவிட்டு, ஓஸ் எட்டினால், புது கிளிப் போட்டால் முடிந்தது. இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

காருக்குள் முன் சீட்டுக் காலடியில் நனைந்திருந்தால் அது வேறு கதை. வெறும் தண்ணீர் என்றால் ஏசி வடிகால் அடைத்திருக்கும். விரலில் பிசுபிசுத்து, இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் கோரே ஒழுகுகிறது. தொட்ட கையைக் கழுவிவிடுங்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கிவிடும், தரையில் சிந்தியதை அப்படியே விடக் கூடாது.

தினம் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது

நம் ஊரில் அதிகம் பேர் தேர்ந்தெடுக்கும் வழி இதுதான். செலவே இல்லை என்று தோன்றும். போர்த் தண்ணீரை ஊற்ற ஊற்ற உப்பு படிவதும், கூலண்ட் நீர்த்துப்போய்த் துருப்பிடிப்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. பலருக்குத் தெரியாதது பிரஷர் கணக்கு.

ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அவ்வளவு பார் பிரஷரை அது உள்ளே பிடித்து வைக்கிறது. 0.9 பிடித்தால் வெறும் தண்ணீரே மதுரையில் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ஒழுகும் வால்வு அந்தப் பிரஷரை நிற்கவிடாது. கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே பிரஷர் இல்லாத தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடான கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறப்பது 82 முதல் 88 டிகிரிக்குள், பல வண்டிகளில் ஃபேன் ஓடத் தொடங்குவது தொண்ணூறுகளின் நடுவில். இடைவெளியே இல்லை. பைபாஸ் ரோட்டில் ஒரு வருஷம் ஓடிய வண்டி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது புகையைக் கக்குவதற்குக் காரணம் இதுதான். இன்ஜின் சூடேறி, அதன் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போனால் வரும் பில்லுக்கு முன்னால் வால்வு விலை சில்லறைக் காசு.

மஞ்சள் தூள், எம்-சீல் வகையறா

லாரிக்காரர்கள் ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள் தூள் போட்டு ஊர் வந்து சேர்ந்த கதைகள் ஏராளம். அசையாத ஓட்டையை அது சில நேரம் அடைக்கவும் செய்யும். இங்கே ஒழுகுவதோ சுழலும் தண்டு. ஒவ்வொரு முறை கேபிளை இழுக்கும்போதும் அடைத்தது உடையும். அடைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். பாட்டிலில் விற்கும் லீக் ஸ்டாப்பும் அப்படித்தான். எம்-சீல் பிளாஸ்டிக் மூக்கில் கொஞ்ச நாள் ஒட்டியிருக்கும், சூடாகி ஆறிச் சூடாகி ஆறிப் பெயர்ந்துவரும். நடுரோட்டில் நின்றுவிட்டால் வீடு சேர உதவலாம், அவ்வளவே.

நேராகக் கோருக்குக் கொடுப்பதா, யூ போட்டுத் திருப்புவதா

இந்த இரண்டையும் சேர்த்து "பைபாஸ்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள், குழப்பமே அங்கேதான். ஒரு மெக்கானிக் சொல்வார்: "அண்ணே, வால்வுக்கு எதுக்குண்ணே காசு? அதக் கழட்டிட்டு ஓஸை நேரா கோருக்குக் குடுத்துருவோம், ஒழுகவே ஒழுகாது." ஒழுகாது, உண்மைதான். ஆனால் வெந்நீர் இருபத்துநாலு மணி நேரமும் டாஷ்போர்டுக்குள் சுற்றும். கோர் வழியாகக் காற்று போகாமல் தடுக்கும் காற்றுக் கதவை எவ்வளவு மூடினாலும் பழைய வண்டியில் அதன் ஸ்பாஞ்ச் உதிர்ந்திருக்கும், சூடு கசியும். மே மாதம் ஏசி கூலிங் இல்லை என்று கேஸ் நிரப்பி, அப்புறம் கம்ப்ரஸர் பார்த்து, கடைசியில் இந்த ஓஸில் வந்து நிற்பீர்கள். வால்வே இல்லாமல் கதவை மட்டும் நம்பி வடிவமைத்த வண்டிகள் உண்டு. அவற்றுக்கு அது பொருந்தும், வால்வோடு வந்த வண்டிக்கு வேண்டாம்.

யூ போடுவது வேறு. இன்ஜினிலிருந்து வரும் ஓஸையும் திரும்பிப் போகும் ஓஸையும் இன்ஜின் பக்கமே ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. வால்வு, கோர் இரண்டும் ஆட்டத்திலிருந்து வெளியே. வெந்நீர் உள்ளே வராது, பிரஷர் நிற்கும், ஏசி நன்றாக வேலை செய்யும். கோர் ஒழுகினாலும் இதே மருந்துதான். இரண்டு முனையிலும் போல்ட் செருகி அடைத்தால் போதாதா என்றால், போதாது என்றே சொல்வேன். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலண்ட் சுற்ற இந்த ஹீட்டர் வழிதான் இருக்கும். வளைத்து விடுங்கள், அடைக்காதீர்கள்.

யூ செய்வதில்தான் கை வித்தை. நேர் ஓஸை வளைத்தால் நடுவில் மடிந்து நசுங்கும். தோட்டத்து ஓஸ் சூட்டில் இளகிவிடும். ஹீட்டர் ஓஸின் உள்விட்டம் பல கார்களில் 16 மி.மீ. வீட்டு ஏசி மாட்டுபவர்களிடம் மிச்சம் கிடக்கும் 5/8 அங்குலச் செம்புக் குழாயின் வெளிவிட்டமும் அதேதான். ஒரு சாண் துண்டு கேட்டால் பெண்டரில் வைத்து அழகாக வளைத்தே தருவார்கள். இரண்டு முனையையும் லேசாக விரித்துக்கொள்ளுங்கள், ஓஸ் நழுவாது. முதலில் ஓஸை அளந்து பாருங்கள், உங்கள் வண்டிக்கு வேறு அளவாக இருந்தால் இந்த யோசனை செல்லாது.

பித்தளை பால் வால்வு

பிளம்பிங் கடையில் வாங்கி இரண்டு பக்கமும் ஓஸ் மூக்கு வைத்து மாட்டுவது. பித்தளையாக இருந்தால் சூடு, பிரஷர் இரண்டையும் தாங்கும். பிவிசி வால்வை நினைக்கக்கூடச் செய்யாதீர்கள், இன்ஜின் சூட்டில் அது இளகும். குறைகள் இரண்டு. பித்தளை கனம், ஓஸிலேயே தொங்கவிட்டால் ஆட்டத்தில் ஓஸ் அறுந்துபோகும், பட்டை போட்டு பாடியில் கட்ட வேண்டும். இன்னொன்று, ஹீட்டர் வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கொடைக்கானல் போகிறவருக்கு அது பெரிய தொல்லை இல்லை. உங்கள் பழைய வால்வில் இரண்டு மூக்குக்குப் பதில் நான்கு இருந்தால் மட்டும் இதை விட்டுவிடுங்கள். நான்கு மூக்கு வால்வு மூடியபோதும் கூலண்டைத் திருப்பி அனுப்புகிறது, பால் வால்வு அதைச் செய்யாது.

காயலான் கடை, ஸ்பேர்ஸ் கடை

காயலான் கடையில் கழற்றிய வால்வு மலிவுதான். ஆனால் அதே வயசு பிளாஸ்டிக், அதே வயசு ஓ-ரிங். பித்தளை பாடி கிடைத்தால் வாங்கலாம். ஒரு மூக்கை விரலால் அடைத்து, தண்ணீர் பக்கெட்டில் முக்கி, இன்னொன்றில் காற்றடித்து, கேபிள் மாட்டும் கையை இங்குமங்கும் ஆட்டிப் பாருங்கள். தண்டில் குமிழி வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதுசு என்றால் பரவலாக ஓடும் சின்ன கார்களுக்கு வெளிக் கம்பெனி வால்வு சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. கம்பெனி பார்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை, இருந்தாலும் இந்தச் சாமானில் வித்தியாசத்தைப் பார்த்ததில்லை. பழையதைக் கையில் எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்கின் பருமன், கை எந்தப் பக்கம் திரும்புகிறது, கேபிள் இழுத்தால் திறக்கிறதா மூடுகிறதா. இந்த மூன்றும் ஒத்துப்போனால் போதும்.

எனக்குக் கேட்டால், வண்டியை மதுரை, மேலூர், திருமங்கலம் என்று மட்டும் ஓட்டுபவர் யூ போட்டுவிட்டு மறந்துவிடலாம், வால்வுக்குக் காசு தண்டம். வருஷத்தில் மார்கழிக் குளிரிலோ மழையிலோ மலை ஏறுபவர் புது வால்வு போடுங்கள். குளிரில் கண்ணாடிப் பனியை ஏசியும் எடுக்கும், ஆனால் அந்தக் குளிரில் சில்லென்ற காற்றைப் பிள்ளைகள் மேல் ஊதிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பாருங்கள், ஹீட்டரின் அருமை தெரியும். பால் வால்வு இந்த இரண்டுக்கும் நடுவில், ஸ்பேர்ஸ் கிடைக்காத வண்டிக்காரருக்கு.

கழற்றும்போது

எந்த வழி எடுத்தாலும் ஒரு இடத்தில் அவசரம் கூடாது. கோரின் குழாயில் ஓஸ் வருஷக்கணக்கில் ஒட்டிப் பிடித்திருக்கும். பிளையர் வைத்து முறுக்கி இழுத்தால் ஓஸ் வராது, கோரின் மெல்லிய குழாய் நசுங்கி வரும். அப்புறம் டாஷ்போர்டையே இறக்க வேண்டும். பழைய ஓஸை பிளேடால் நீளவாக்கில், குழாயில் கீறல் விழாமல் லேசாகக் கீறி, வாழைப்பட்டை உரிப்பதுபோல் உரித்தெடுங்கள். ஓஸ் விலை குறைவு, அது போகட்டும். பிளாஸ்டிக் மூக்கில் ஸ்பிரிங் கிளிப் நல்லது, ரப்பர் இளகினாலும் தானே இறுக்கிக்கொள்ளும். ஸ்க்ரூ கிளிப் என்றால் ஓஸ் பிதுங்கத் தொடங்குவதற்கு முன் நிறுத்துங்கள்.

புது வால்வு போட்டால் கேபிளை மாட்டும்போது லீவரைக் கூல் பக்கம் முழுக்கத் தள்ளி, வால்வும் முழுக்க மூடிய நிலையில் கிளிப்பைப் பூட்டுங்கள். நூல் அளவு திறந்திருந்தாலும் ஏசி காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு முன்சக்கரம் மேட்டில் நிற்கும்படி வண்டியை நிறுத்தி, ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, ஹீட்டர் லீவரை ஹாட்டில் வைத்து ரெடிமிக்ஸ் கூலண்டை ஊற்றி, குமிழி நிற்கும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். ரேடியேட்டர் நிறைந்ததும் மூடியைப் போட்டு, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். சூடான பிறகு மூடியைத் தொடாதீர்கள். மறுநாள் காலை ரிசர்வாயரில் அளவு குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறியிருக்கும். ஊற்றிய பிறகும் நாள்தோறும் குறைந்துகொண்டே போனால் வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையைப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் பம்ப் சீல் போயிருக்கிறது.