ஜெர்மன் மொழி: பல ஆண்டுப் புழக்கத்தில் தெரியவருபவை

ஜெர்மன் என்றதும் எல்லோரும் மூச்சுமுட்டும் நீளச் சொற்களைப் பற்றித்தான் பேசுவார்கள். பழகிவிட்டால் அவை ஒரு பொருட்டே இல்லை. சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் படிப்பது தமிழருக்குக் கைவந்த வேலை. தினசரி இடறவைப்பவை சின்ன விஷயங்கள்: இரண்டு புள்ளி, ஒரு எண், தெரிந்த முகம் காட்டும் ஒரு சொல்.

முதலில் புள்ளிகள். 'உம்லவுட்' எனப்படும் இரட்டைப் புள்ளி ஏ, ஓ, யூ என்ற மூன்று எழுத்துகளின் தலைமேல் வரும். அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் சொல்லே மாறிவிடும். 'ட்ஸாலன்' என்றால் பணம் கட்டுவது. புள்ளி வைத்தால் 'ட்ஸேலன்', அதாவது எண்ணுவது. 'ட்ருக்கன்' அச்சிடுவது, அதே சொல் புள்ளியோடு கதவில் ஒட்டியிருந்தால் 'தள்ளு' என்று பொருள்.

இந்த ஒலிகளை வரவழைப்பது எளிது. 'ஈ' என்று நீட்டிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், 'ஊ' சொல்வதுபோல் உதட்டை மட்டும் குவியுங்கள். புள்ளி வைத்த யூ அதுதான். 'ஏ' என்று தொடங்கி 'ஓ'வுக்குக் குவித்தால் புள்ளி வைத்த ஓ. உதட்டோடு சேர்ந்து நாக்கும் பின்னால் போனால் வெறும் 'ஊ'தான் வரும். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. விசைப்பலகையில் புள்ளி இல்லையென்றால் அந்த எழுத்தை அடுத்து ஆங்கில 'இ' சேர்த்து எழுதலாம். ஜெர்மன் பாஸ்போர்ட்டின் அடியில் கருவி படிக்கும் வரிகளிலும் அப்படித்தான் இருக்கும். விமான டிக்கெட்டிலும் அதையே எழுதுவது நல்லது.

தமிழருக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. சீட்டுகளுக்கும் தோட்டத்துக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'கார்ட்டன்'தான். சீட்டுக்கு 'கண்' என்பதில் வரும் க, தோட்டத்துக்கு 'தங்கம்' என்பதில் வரும் க. முதலாவதைச் சொல்லும்போது வாய்முன் பிடித்த தாள் அசைய வேண்டும். அசையாவிட்டால் கேட்பவர் காதில் தோட்டம்தான் விழும்.

எஸ் போல ஒலிக்கும் எஸ்செட் (ß) என்ற எழுத்து பலரைப் பயமுறுத்துகிறது. 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு விதி தெளிவு: நெடிலுக்கும் (ஐ, ஔ போன்ற) கூட்டுயிருக்கும் பின் எஸ்செட், குறிலுக்குப் பின் இரட்டை எஸ். குறில் நெடில் காதில் ஊறியவர்களுக்கு இது பெரிய வசதி. 'இன் மாஸன்' குடித்தால் அளவோடு, 'இன் மஸ்ஸன்' குடித்தால் ஏராளமாக. சுவிட்சர்லாந்தில் எஸ்செட்டையே பயன்படுத்துவதில்லை என்பதால் அங்கே இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இந்த மொழியில் நாங்கள் மிகவும் ரசிக்கும் இடம் இது.

தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ஆங்கிலப் பழக்கம் கெடுத்துவிடும். நீங்கள் 'இ' என்றால் அவர் ஐ எழுதுவார். 'ஏ' என்றால் இ எழுதுவார். ஆங்கிலத்தில் ஏ, இ, ஐ எனப்படும் எழுத்துகளுக்கு ஜெர்மனில் பெயர்கள் வரிசையாக ஆ, ஏ, ஈ. ஜே எழுத்துக்குப் பெயர் 'யொட்'. ஆகவே ஜெயந்தியை முதல்முறை 'யெயந்தி' என்றுதான் படிப்பார்கள்.

எண்களில் ஒன்று முந்தும், பத்து பிந்தும். 74 என்பது 'நான்கும் எழுபதும்'. இரண்டிரண்டாகச் சொல்லப்படும் தொலைபேசி எண்ணைக் கேட்டபடி எழுதினால் 47 ஆகிவிடும். 'பிட்டெ ஐன்ட்ஸெல்ன்' என்று கேளுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். இரண்டை 'ட்ஸ்வை' என்னாமல் 'ட்ஸ்வோ' என்பது மூன்றான 'ட்ரை'யோடு குழம்பாமல் இருக்க. 'ஹால்ப் ஆக்ட்' என்றால் எட்டரை அல்ல, ஏழரை. எட்டை நோக்கிப் பாதி வழி. மருத்துவரிடம் வாங்கிய நேரம் தவறிப்போகும் இடம் இதுதான்.

செய்தித்தாளில் 'பில்லியோன்' வந்தால் நிதானியுங்கள். ஆங்கில பில்லியன் 100 கோடி. அதற்கு ஜெர்மனில் 'மில்லியார்ட'. ஜெர்மன் பில்லியோன் சரியாக ஒரு லட்சம் கோடி. எழுதும்போது 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு, 1,5 என்பது ஒன்றரை.

சொற்பொருளில் முதலில் கற்க வேண்டியது 'கிஃப்ட்': ஜெர்மனில் அது விஷம். ஸ்வீடிஷில் 'யிஃப்ட்' என்று ஒலிக்கும் அதே எழுத்துக்கூட்டலுக்கு விஷம், திருமணமானவர் என்று இரண்டு பொருள். 'ஷெஃப்' சமையல்காரர் அல்ல, மேலதிகாரி. 'மெனு' கேட்டால் பட்டியல் வராது, மொத்தச் சாப்பாடாக வரும், பட்டியலுக்கு 'ஷ்பைஸெகார்ட்டெ'.

கடைசியாகக் கணினி. ஜெர்மன் விசைப்பலகையில் ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கும். கடவுச்சொல் ஏற்கவில்லையென்றால் அதைப் பயனர்பெயர்க் கட்டத்தில் அடித்துப் பார்த்து, உடனே அழித்துவிடுங்கள். மின்னஞ்சலுக்கான அட் குறிக்கு ஆல்ட் ஜிஆர் விசையோடு க்யூ.