பெயர்ப்பலகை மட்டும் மாறுகிற கடை

அவுஸ்திரேலியாவில் விசா இல்லாதவர்களை அடைத்து வைக்கிற குடிவரவுத் தடுப்பு முகாம்களை நடத்துவது அரசாங்கம் இல்லை, அரசாங்கத்திடம் ஒப்பந்தம் எடுத்த கம்பனிகள். இங்கே வந்து பல வருசம் ஆன எங்கள் ஆட்களிலேயே இது தெரியாதவர்கள் நிறையப் பேர். வாசலில் நின்றவரின் சட்டைக் கையில் கம்பனிச் சின்னத்தைப் பார்க்கும்வரை எனக்கும் தெரியாது. சாப்பாட்டுக் கடைக்கும் போன் கம்பனிக்கும் மதிப்பீடு எழுதுகிறோம், எங்கள் வரிக்காசில் இவ்வளவு பெரிய தொகைக்கு வாங்குகிற ஒரு சேவைக்கு எழுதினால் என்ன என்று தோன்றியது. நான் உள்ளே இருந்தவன் இல்லை. மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, ஊர்ப் பொடியன் ஒருவனைப் பார்க்கப் போய்வந்தவன், அவ்வளவுதான். எந்த வருசம், எந்த முகாம், அப்போது எந்தக் கம்பனி என்று சொல்லப்போவதில்லை. அவனுடைய கேஸ் இன்னும் முடியவில்லை.

வரவேற்பிலிருந்து தொடங்கலாம். நினைத்தவுடன் போய்ப் பார்க்க முடியாது, சில நாள் முன்பே பதிய வேண்டும். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை விபரம் எல்லாம். இதில் எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது: பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் முன்னால் இருக்கும், லைசென்சில் பின்னால் போயிருக்கும், படிவத்தில் முதற்பெயர் குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம்தான். முதல் தடவை நான் பாஸ்போட்டைப் பார்த்து நிரப்பிவிட்டு லைசென்சைக் கொண்டுபோனேன். கணினியில் இருப்பவரும் கையில் இருப்பவரும் வேறு வேறு ஆட்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம் கார் ஓட்டிப் போயிருந்தேன்.

இரண்டாம் தடவை மனைவி விடிய எழும்பிப் புட்டு அவித்து, கோழிக்கறியும் வைத்துக் கட்டித் தந்தாள். வீட்டில் சமைத்தது எதுவும் உள்ளே போகாதாம். தொழிற்சாலையில் மூடி ஒட்டிய பெட்டியாக இருக்க வேண்டும், காலாவதித் திகதி தெரிய வேண்டும். வாசலில் நின்ற பையனைக் குறை சொல்ல மாட்டேன், "சொறி பிரதர், இது நான் போட்ட சட்டம் இல்லை" என்று உண்மையாகவே சங்கடப்பட்டான். யார் போட்ட சட்டம் என்று கேட்டேன். கம்பனி என்றான். கம்பனியின் மனேஜரிடம் கேட்டால் குடிவரவைப் பார்க்கிற அரசாங்கத் திணைக்களம் என்றார். திணைக்களத்துக்குக் கடிதம் போட்டேன், முகாமின் அன்றாட நடைமுறையைச் சேவை வழங்குநரிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. புட்டை அன்றைக்கே கார் பார்க்கில் வைத்து நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன், பதில் வர ஏழு வாரம்.

இந்தச் சேவையின் முழு வடிவமைப்பும் எனக்கு அந்தப் புட்டில்தான் விளங்கியது. காவல் ஒரு கம்பனி, வைத்தியம் இன்னொரு கம்பனி, மேலே திணைக்களம். பொடியனுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தபோது படிவம் எழுதிக் கொடுத்தான், பனடோல் கிடைத்தது. இன்னொரு படிவம், இன்னும் இரண்டு பனடோல். பல் வைத்தியரிடம் கொண்டுபோக நாள் குறித்தது வைத்தியக் கம்பனி. அன்றைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை என்றது காவல் கம்பனி. கடைசியில் ஒருநாள் கொண்டுபோனார்கள், கைவிலங்கோடு. கிளினிக்கில் ஒரு சின்னப் பிள்ளை இவனுடைய கைவிலங்கைப் பார்த்து அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாம், பல்லைப் பிடுங்கினதை விட அதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஒரு காலத்தில் அரசாங்கக் கடிதங்களில் இவர்களைக் 'கிளையன்ட்' என்று எழுதினார்கள். பேச்சில் பலருக்குப் பெயரே போட் நம்பர்தான், வந்த படகுக்கு எழுத்து, ஆளுக்கு இலக்கம். முகாமுக்குள் வகுப்புக்கோ விளையாட்டுக்கோ போனால் புள்ளி கிடைக்கும், அந்தப் புள்ளியைக் கொண்டுபோய்க் கடையில் பிஸ்கட், நூடில்ஸ் வாங்கலாம். கிளையன்ட் என்றால் காசு கொடுக்கிறவர், பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகிறவர் என்றுதான் நான் படித்திருக்கிறேன். இங்கே கம்பனிக்குக் கிளையன்ட் கன்பராவில் இருக்கிற அரசாங்கம். அந்தக் கிளையன்டுக்குச் சேவை பிடித்துத்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் இவ்வளவு வருசம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்காது.

கடையின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விசா இல்லாமல் வந்தவரைக் கட்டாயம் அடைக்கும் சட்டம் 1992இல், தொழிற்கட்சி ஆட்சியில் வந்தது. முகாம்களைத் தனியாரிடம் கொடுத்தது 1990களின் கடைசியில், பிரதமர் ஹவார்ட் காலம். முதலில் எடுத்தது ஏசிஎம், அமெரிக்கச் சிறைக் கம்பனி வேக்கன்ஹட்டின் பிள்ளை. அந்த வேக்கன்ஹட் சிறைக் கம்பனிதான் இப்போது அமெரிக்காவில் ஜியோ குரூப் என்ற பெயரில் இதே தொழிலைச் செய்கிறது. பாலைவனத்தில் இருந்த வூமெரா முகாம் ஏசிஎம் காலத்தது. அப்புறம் குரூப் 4, அது ஜிஎஸ்எல் என்று பெயர் மாறியது. 2009இல் பிரிட்டிஷ் கம்பனி சேர்கோ வந்து பதினைந்து வருசத்துக்கு மேல் இருந்தது. 2025இல் அதையும் மாற்றினார்கள், இப்போது இருப்பது எம்டிசி என்ற இன்னொரு அமெரிக்கச் சிறைக் கம்பனியின் பிள்ளை, பெயர் 'செக்கியுர் ஜேர்னீஸ்'. பாதுகாப்பான பயணங்கள்! படகில் வந்த சனத்தை அடைக்கிற கம்பனிக்கு இந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல நக்கல் இருக்கிறது.

தண்டப்பணம் உண்டு, ஒப்பந்தத்தை மீறினால் கழிப்போம் என்பார்கள். உண்மைதான், கழித்தும் இருக்கிறார்கள். 2004 செப்டெம்பரில் மெல்பேணின் மரிபர்னோங் முகாமில் இருந்து தென் அவுஸ்திரேலியாவின் பக்ஸ்டர் முகாமுக்கு ஐந்து பேரை வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆயிரம் கிலோமீற்றர் அளவு தூரம். வழியில் தண்ணீரும் ஒழுங்காக இல்லை, மலசலத்துக்கும் விடவில்லை, கம்பிக்குள் இருந்தபடியே சலம் போக வேண்டி வந்தது. விசாரணை நடந்து ஜிஎஸ்எல்லுக்கு ஐந்து லட்சம் டொலர் தண்டம். ஒப்பந்தம் போகவில்லை. எங்கள் ஊர்க் கடையில் பல்லி விழுந்த சோறு போட்டால் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து கடையையே மூடுவார், இங்கே பில்லில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அடுத்த சாப்பாட்டையும் அங்கேயே எடுக்கிறார்கள்.

விலை விபரம் தெரிய வேண்டுமானால் நாட்டுக்கு வெளியே, பசிபிக்கில் அவுஸ்திரேலியா வைத்த நவுறு, மனுஸ் தீவு முகாம்களின் கணக்கைப் பாருங்கள். 2016இல் தேசியக் கணக்காய்வு அலுவலகம் போட்ட கணக்கின்படி அங்கே ஒரு ஆளை ஒரு வருசம் வைத்திருக்க 573,000 டொலர் அளவு. நான் அந்தக் காசில் சிட்னியின் மேற்கில் ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தேன். அடுத்த அறிக்கை 2017 ஜனவரியில்: 2.3 பில்லியன் டொலர் கொடுப்பனவில் 1.1 பில்லியனை அனுமதித்த அதிகாரிகளுக்கு அந்த அளவுக்கு அதிகாரம் இல்லை, இன்னொரு 1.1 பில்லியனை யார் அனுமதித்தார் என்று பதிவே இல்லை. எங்கள் கோயில் திருவிழாக் கணக்கில் ஐம்பது டொலர் இடித்தாலே பொதுக்கூட்டத்தில் கதிரை பறக்கும்.

மனுஸ் தீவில் 423 மில்லியன் டொலர் அளவு வேலை எடுத்த பலடின் கம்பனியின் பதிவு முகவரி கங்காரு தீவில் கடற்கரையோரம் இருந்த ஒரு சின்ன வீடு என்று 2019இல் செய்தி வந்தது. எல்லோரையும் கூப்பிட்டு டெண்டர் வைத்துக் கொடுத்ததும் இல்லை. நவுறுவில் கான்ஸ்ட்ரக்ட் என்ற பிரிஸ்பேண் கட்டடக் கம்பனிக்கு 2017இல் கொடுத்த வேலை 8 மில்லியனில் தொடங்கி, திருத்தத்துக்கு மேல் திருத்தம் போட்டு 1.8 பில்லியனைத் தாண்டியது. கடைசிக் காலத்தில் தீவில் இருந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். ஆள் குறையக் குறைய விலை ஏறுகிற சேவையை நான் வேறெங்கும் கண்டதில்லை. மனுஸ் ஆட்கள் போட்ட கூட்டு வழக்கை 2017இல் 70 மில்லியன் டொலர் கொடுத்து முடித்தார்கள். அரசாங்கத்தோடு, அந்த முகாமில் ஒப்பந்தம் எடுத்த ஜி4எஸ், பிராட்ஸ்பெக்ட்ரம் கம்பனிகளும் எதிராளிகள். தவறை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

குயின்ஸ்லாந்தின் பிலோயலா என்ற சின்ன ஊரில் இருந்த தமிழ்க் குடும்பத்தை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். 2018 மார்ச்சில் விடிய வந்து தூக்கினார்கள், அடுத்த வருசம் நாடு கடத்த ஏற்றிய விமானத்தை நீதிமன்றம் நடுவழியில் மறிக்க, டார்வினில் இறக்கிக் கிறிஸ்மஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தீவு முகாமில் கொஞ்சக் காலம் அந்த நாலு பேரும் மட்டும்தான், அதில் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். காவலாளி, சமையல், வைத்தியம் என்று முழுக் கடையும் அவர்களுக்காகத் திறந்திருந்தது. கடையைத் திறந்து வைத்திருப்பதற்குத்தானே காசு.

நட்சத்திரம் கேட்டால், வாசலில் நின்ற பையன் மாதிரி ஆட்களுக்கு மூன்று. உள்ளே போட்ட சாப்பாட்டுக்கு ஒன்று, மஞ்சளாக ஏதோ ஊற்றி அதற்குக் கறி என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று பொடியன் சொன்னான். ஒப்பந்தத்துக்கு ஒன்றுகூட இல்லை, கம்பனியை மாற்றினாலும் இல்லை.

இந்தச் சனிக்கிழமை யாரையாவது பார்க்கப் போகிறவர்கள் கையில் கொண்டுபோகிற அட்டையில் உள்ளபடியே பெயரை அப்படியே படிவத்தில் நிரப்புங்கள். விதிகள் அடிக்கடி மாறும், முதல் நாள் போன் பண்ணிக் கேளுங்கள். லொக்கருக்குச் சில்லறை வைத்திருங்கள். பைக்குள் மாத்திரை ஒன்றும் வேண்டாம், துணியில் போதைத்தூள் தேடுகிற மெசின் ஒன்று வைத்திருக்கிறார்கள், அது கத்தினால் அன்றைக்குச் சந்திப்பு இல்லை. பிஸ்கட் என்றால் காலாவதித் திகதி தெளிவாக அடித்த பெட்டி. வழியில் பசிக்கிறது என்று உடைத்து ஒன்றை எடுத்துவிடாதீர்கள், உடைத்த பெட்டி வாசலோடு சரி.