வீடு வீடாக ஓடும் கேர் வேலையா, ஆளை நம் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா?

லண்டனில் நம்மவர் பலருக்குக் கேர் வேலை என்றால் ஒன்றுதான்: விடியக் காரை எடுத்து, வீடு வீடாகப் போய், அரை மணிக்கு ஒருவராகக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது. நானும் நாலு வருடம் ஓடினேன். இப்போது 'ஷேர்ட் லைவ்ஸ்' கேரர், அதாவது உதவி தேவைப்படுபவரை நம் வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் திட்டத்தில் இருக்கிறேன். கற்றல் குறைபாடுள்ள ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் எங்களோடு இருக்கிறார். எது நல்லது என்று போனில் கேட்கிற அக்காமாருக்கு மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

வீடு வீடாக ஓடும் ஏஜென்சி வேலையில் நீங்கள் சம்பள ஆள். விடுமுறைக்குக் காசு உண்டு, பென்ஷனுக்கு முதலாளியும் போடுவார். ஆனால் என் சம்பளச் சீட்டில் வீட்டுக்குள் இருந்த நிமிடங்கள்தான் இருந்தன. பஸ்ஸிலும் டிராபிக்கிலும் போனது என் கணக்கு.

ஷேர்ட் லைவ்ஸில் நீங்கள் சுயதொழில்காரர். மணிக்கணக்கு இல்லை, ஆளுக்கு வாரத்துக்கு இவ்வளவு. பராமரிப்புக்குக் கவுன்சில், வாடகைக்கு அவருடைய ஹவுசிங் பெனிஃபிட், சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் அவருடைய கையிலிருந்து என்று மூன்று பக்கமாக வரும். தொகை ஊருக்கு ஊர் மாறும். பலருக்குத் தெரியாதது வரிச் சலுகை: 2024-25இல் வீட்டுக்கு 19,360 பவுண், அதற்கு மேல் வயது வந்தவர் ஒருவருக்கு வாரம் 485 பவுண். ஒருவரை வருடம் முழுக்க வைத்திருந்தால் ஏறக்குறைய 44,500 பவுண் வரை வரி இல்லை. ஆனால் அவர் வேறிடம் போனால், அடுத்தவர் வரும்வரை வருமானமும் இல்லை. முதலாளி ஸ்பான்சர் செய்த வேலை விசாவில் இருப்பவர்கள் இதை நினைக்கவே வேண்டாம். ஸ்பான்சர் செய்த வேலையை விட்டுச் சுயதொழிலுக்குப் போக அந்த விசா இடம் தராது.

பிள்ளை வளர்ப்பு, அதாவது ஃபாஸ்டரிங், மூன்றாவது வழி. அதுவும் பதினெட்டு வயதுக்குள்தான். பள்ளிக்கூட ஓட்டம் பழகியவர்களுக்குச் சரி.

ஷேர்ட் லைவ்ஸுக்கு அனுமதி கிடைக்க மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். டிபிஎஸ் என்ற குற்றப் பதிவுச் சோதனை, வீட்டைப் பார்ப்பது, கடைசியில் குழு முன்னால் முடிவு. முன் அனுபவம் கட்டாயமில்லை. பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் அமைப்பான சிகியூசி பார்ப்பது திட்டத்தை நடத்துபவர்களைத்தான், உங்கள் வீட்டைத் தனியாகப் பதிய வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் வைக்க முடியாது. எங்களிடம் கூடுதலாக இருந்ததோ அரிசி மூட்டையும் சூட்கேஸும் அடுக்கிய ஒரே அறை.

ஆளை நேரே கொண்டுவந்து இறக்கிவிட மாட்டார்கள். எங்களோடு இருப்பவர் முதலில் தேநீருக்கு வந்தார். பிறகு ஞாயிறு மதியம். சொதியைச் சூப் என்று நினைத்துக் கோப்பையில் வாங்கிக் குடித்தார். பிறகு ஒரு இரவு தங்கினார். குடிவந்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என் சாவி எங்கே?" அங்கேதான் வித்தியாசம் எனக்கு உறைத்தது. ஏஜென்சி வேலையில் நான் அடுத்தவர் வீட்டுச் சாவிப் பெட்டியின் நம்பரைத் தட்டி உள்ளே போனவள்.

என்னைக் கேட்டால், அறை இருந்து கணவரும் மனதோடு சம்மதித்தால் இதுதான். அவர் அரை மனதாக இருந்தால் ஏஜென்சியே நல்லது. அதில் கதவைச் சாத்திவிட்டு வரலாம், இதில் ஆறு மணிக்கு வேலை முடியாது. பிள்ளைகளிடமும் கேளுங்கள். மதிப்பீட்டுக்கு வந்தவர் என் மகளிடம் தனியாகப் பேசினார். அவளுடைய ஒரே கவலை, காலை ஏழரைக்குக் குளியலறை யாருக்கு என்பது. இப்போது எங்களோடு இருப்பவருக்கு ஏழு, அவளுக்கு ஏழரை. கதவில் அட்டை ஒட்டியிருக்கிறது.