டியூக் ரெக்ரூட்டிங் ஆப், காசுக்கு வொர்த்தா?

அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீமுக்கு யார் வர்றா யார் போறான்னு பாக்குறதுக்குன்னே மாசாமாசம் காசு கட்டி ஒரு ஆப் வச்சிருக்கேன், பேரு வேணாம். ஹைஸ்கூல் பசங்க மேட்ச்சை நேர்ல பாத்து எழுதுறாங்க பாருங்க அது செம, ஒரு பையனுக்கு இடது கை வருதா, டிஃபென்ஸ்ல கால் நகருதான்னு வரைக்கும் இருக்கும். ஆனா "உள் தகவல்"னு போடுறது பாதி நாள் கிளி ஜோசியம்தான் 😅

ஹைஸ்கூல் ஸ்டார் கூப்பர் ஃபிளாக் 2023 அக்டோபர்ல டியூக்னு சொன்னப்ப நான் ஆபீஸ்ல ஸ்வீட்டே குடுத்தேன், அவன் ஒரே சீசன் ஆடிட்டு 2025 NBA டிராஃப்ட்ல (புரொஃபஷனல் டீமுங்க ஆள் எடுக்குற இடம்) முதல் ஆளா டல்லாஸ் டீமுக்குப் போயிட்டான், நமக்கு ஃபைனல் ஃபோர்ல, அதாவது காலேஜ் சாம்பியன்ஷிப் செமிஃபைனல்ல, ஹூஸ்டன்கிட்ட 70-67 தோத்ததுதான் மிச்சம்.

2021ல காலேஜ் பிளேயருங்க தன் பேர வச்சு சம்பாதிக்கலாம்னு ஆச்சு, ஒரு வருஷம் ஆடாம உக்காராமலே காலேஜ் மாறலாம்னும் ஆச்சு, அதுலேர்ந்து ஸ்கூல் பசங்க ரேங்க் லிஸ்ட்டை விட டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்தான் (காலேஜ் மாற நினைக்கிற பிளேயருங்க லிஸ்ட்) முக்கியம், அந்த நியூஸ் இதுல லேட்டாதான் வருது, ஃப்ரீயாவே முன்னாடி தெரிஞ்சிடுது. 5க்கு 3. வருஷ சந்தா கட்டாதீங்க, ஆள் மாறுற சீசனான ஏப்ரல் மட்டும் போட்டுட்டு கேன்சல் பண்ணிடுங்க, அந்த பட்டனை எங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு தேடவே ஒரு நாள் ஆகும்.