ஸ்டீம்போட் வில்லி லெகோ கப்பல்: அலமாரியில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

ஸ்டீம்போட் வில்லி கப்பலை மேசைமேல் வைத்து ஒரு சாண் தூரம் மெல்லத் தள்ளினால் போதும். புகைபோக்கிகள் இரண்டும் மேலும் கீழுமாக ஆடும், இரு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள் சுழலும், மேல்தளத்தில் சுக்கான் பிடித்து நிற்கும் மிக்கியும் கூடவே நகர்வார். ரசிகர்களின் வடிவமைப்புகளைச் செட்டாக வெளியிடும் லெகோ ஐடியாஸ் வரிசையில் 2019 ஏப்ரலில் வந்த 21317 எண் பெட்டி இது. 751 துண்டுகள். கட்டி முடித்தால் நீளம் 26 செ.மீ., உயரம் 16, அகலம் 14. அளவில் சிறியதுதான், ஆனால் அசைவு உள்ள மாடல் என்பதால் அலமாரிக்கு வந்த பிறகும் கவனம் கேட்கும். கட்டும்போது செய்த சிறு தவறுகூட ஆண்டுக்கணக்கில் கூடவே வரும்.

1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் வெளியான ‘ஸ்டீம்போட் வில்லி’ என்ற கறுப்பு வெள்ளைக் கார்ட்டூனை ஹங்கேரி ரசிகர் மாட்டே ஸாபோ லெகோ பிரிக்கில் (கட்டைகளில்) வடிவமைத்து, 10,000 பேர் ஆதரவு திரட்டியதால் வந்த செட் இது. படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டினால் சின்னச் சின்ன பாகங்களுக்கும் அர்த்தம் கிடைக்கும். செட்டிலுள்ள கிளி, படத்தில் மிக்கியைக் கேலி செய்யும் கிளி. கிதாரும் இசைத்தாளும் மிக்கியின் தோழி மின்னி ஓடிவரும்போது கையில் வைத்திருந்தவை. அவரைக் கப்பலுக்குத் தூக்கிவிட்டது கிரேன் கொக்கிதான். செட்டிலுள்ள கிரேன் உருளைக்கிழங்குத் தொட்டியைத் தூக்குகிறது.

கட்டும்போது முதல் சோதனை நிறம். வெளியே தெரிவதெல்லாம் கறுப்பு, வெள்ளை, அடர்சாம்பல், வெளிர்சாம்பல், கொஞ்சம் வெள்ளி. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அடர்சாம்பலும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும், வெளிர்சாம்பல் வெள்ளையோடு கலந்துவிடும். தவறான பிளேட் (தட்டையான துண்டு) உள்ளே போய்விட்டால் அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. வழிமுறைப் புத்தகத்தில் முப்பது நாற்பது படி தாண்டி அதே பிளேட் தேவைப்படும்போதுதான் ஒன்று குறையும், பிறகு எங்கே போனது என்று பிரித்துத் தேட வேண்டும். பகல் வெளிச்சம் அல்லது வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ் உட்காருங்கள். பையைக் கொட்டியதும் சாம்பல் இரண்டையும் தனித்தனித் தட்டில் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் உள்ள கட்டத்தில் அந்தப் படிக்கான துண்டுகளின் எண்ணிக்கை இருக்கும். அதைப் பார்த்து எடுத்து முன்னால் வைத்துக்கொண்ட பிறகே பொருத்த வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாகும், ஆனால் பிரிக்க வேண்டி வராது.

அடுத்தது உள்ளே இருக்கும் இயக்கம். இந்த மாடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கப்பலின் அடியில் மறைந்திருக்கும் சக்கரங்கள் தரையில் உருண்டு ஆக்சிலை (அச்சுத் தண்டை) சுழற்றுகின்றன. அந்தச் சுழற்சிதான் துடுப்புச் சக்கரத்துக்கும் புகைபோக்கிக்கும் போகிறது. சின்னச் சக்கரம் தரும் விசை கொஞ்சம்தான். வழியில் எங்கே உராய்வு வந்தாலும் சக்கரம் உருளாமல் இழுபட்டுக்கொண்டு வரும்.

உராய்வு வருவதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, ஆக்சிலில் மாட்டும் புஷ் என்ற சின்ன வளையம் பக்கத்து பிரிக்கை இறுக்கி நிற்பது. இறுகினால் அது பிரேக் போட்ட மாதிரிதான். கடைசிவரை அழுத்திவிட்டு, ஒரு தாளின் தடிமன் அளவு பின்னால் இழுத்து விடுங்கள். இரண்டாவது, துளையுள்ள பிரிக் கீழிருக்கும் பிளேட்டில் முழுதாக உட்காராமல் ஒரு முனை தூக்கி நிற்பது. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தெரியும். ஒரு பிளேட்டின் உயரமே 3.2 மி.மீ.தான், அதில் அரை மில்லிமீட்டர் தூக்கினாலும் எதிரெதிர்த் துளைகள் நேர்கோட்டில் வராது. மூன்றாவது, இறுக்கமான துளையில் ஆக்சிலைச் சாய்த்துக் குத்தி வளைத்துவிடுவது. வளைந்த ஆக்சிலை மேசைமேல் உருட்டிப் பார்த்தால் தாளம் தப்பிக் குதிக்கும். அதை நிமிர்த்தப் பார்க்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

சோதிக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. மேல்தளத்தை மூடுமுன் கப்பலைக் கையில் தூக்கி, அடிச்சக்கரத்தை விரலால் சுண்டுங்கள். தடங்கலில்லாமல் ஓடினால் சரி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடை தட்டினால் ஏதோ ஒரு பாகம் சுழலும்போது பக்கத்தில் இடிக்கிறது, சுற்று முழுக்கக் கனமாக இருந்தால் புஷ் இறுகியிருக்கிறது. இந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும். மூடிய பிறகு கண்டுபிடித்தால் மேல்தளம், அறை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். புகைபோக்கியும் தன் இடத்தில் தளர்வாகச் சறுக்க வேண்டும். தூக்கி விட்டால் தானாக விழவில்லை என்றால் சுற்றியுள்ள பிரிக்குகள் நேராக அழுந்தியிருக்கின்றனவா பாருங்கள்.

“கட்டிய அன்று ஓடியது, இப்போது ஓடவில்லை” என்பார்கள் பலர். பெரும்பாலும் கப்பலில் குறையே இருக்காது. கண்ணாடித் தட்டில் தள்ளியிருப்பார்கள். கண்ணாடியில் சக்கரம் வழுக்கும், சொரசொரப்பு இல்லாத சன்மைக்காவிலும் அப்படியே. மரப்பலகையிலோ தடித்த அட்டையிலோ நன்றாகப் பிடித்து உருளும். அலமாரித் தட்டின் அளவுக்கு ஒரு கறுப்பு அட்டையை விரித்துவிட்டால் போதும். சக்கரத்தில் முடியும் நூலும் சுற்றியிருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கப்பலைத் திருப்பிப் பார்க்கலாம். ஒரு டூத்பிக் இருந்தால் எடுத்துவிடலாம். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். லெகோ பாகம் எண்ணெய் இல்லாமல் ஓடும்படி செய்யப்பட்டது, எண்ணெய் தூசியைப் பிடித்து உள்ளே பசையாக்கிவிடும்.

ஆண்டுகள் போகப் போக இந்தக் கப்பலுக்கு உண்மையான எதிரி வெயில். வெள்ளையும் வெளிர்சாம்பலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். புற ஊதாக் கதிரும் வெப்பமும் பட்டால் மஞ்சளடிக்கும். வண்ண வண்ணமாக இருக்கும் செட்டில் அது கலந்து மறைந்துவிடும். இங்கே மறைய இடமே இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக இருந்தால்தான் 1928-இன் படச்சுருள் மாதிரித் தெரியும். ஒரு பக்கம் பழுத்த காகித நிறம் ஏறினால் மொத்த மாடலும் அழுக்காகத் தோன்றும். ஜன்னல் கண்ணாடி இருக்கிறதே என்று நம்பி வைக்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், நீள அலைப் பகுதி உள்ளே வந்துவிடும். நிறம் மாறுகிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சம் படும் பக்கத்தில் ஒரு வெள்ளை பிளேட்டைக் கழற்றுங்கள். மேலே இன்னொரு துண்டு மூடியிருந்த பகுதியும் திறந்திருந்த பகுதியும் ஒரே வெள்ளையாக இருந்தால் இடம் சரி. நடுவே கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை தெரிந்தால் அன்றே இடத்தை மாற்றுங்கள். கப்பலைத் திருப்பி வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு மஞ்சளாகும், அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் போகும் என்பது உண்மை. ஆனால் மறுபடி வரும். அச்சிட்ட துண்டுகளை அதில் போடவே கூடாது. எங்கும் எளிதாகக் கிடைக்கும் வெள்ளை பிளேட்டுக்காக அந்தச் சிரமம் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கி மாற்றிவிடலாம்.

தூசிக்கு மேக்கப் தடவும் மென்மையான பிரஷ் போதும், வாரம் ஒருமுறை மேலிருந்து கீழாக. பிரிக்கின் மேலுள்ள ஸ்டட்களுக்கு (குமிழ்களுக்கு) நடுவே தேங்கியதைக் கேமரா லென்ஸுக்குப் பயன்படும் காற்றுப் பந்தால் ஊதுங்கள். குமிழ் இல்லாத கறுப்பு டைல் துண்டுகளைத் துணியால் தேய்த்தால் மயிரிழைக் கீறல்கள் விழும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அவை தெரியும். முழுக்கக் கழுவ வேண்டி வந்தால் பிரித்து, 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத தண்ணீரில் மென்சோப்பு போட்டுக் கையால் கழுவி, நிழலில் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். மிக்கி, மின்னி உருவங்களின் வெள்ளி அச்சை ஸ்பிரிட்டோ சானிடைசரோ எடுத்துவிடும். சானிடைசர் தடவிய ஈரக் கையோடு அவற்றைத் தொடவும் கூடாது.

மூடி போட நினைத்தால் அக்ரிலிக் பெட்டியின் உள்ளளவு 32 × 20 × 20 செ.மீ. இருக்கட்டும். 16 செ.மீ. உயரம் என்று கணக்குப் போட்டு ஒட்டினாற்போல வாங்கினால் புகைபோக்கி மேலேறும்போது இடிக்கும், கையை விட்டுத் தள்ளிப் பார்க்கவும் இடம் இருக்காது.

விற்பனை நின்றுவிட்ட செட் என்பதால் இன்று பழையதாகத்தான் கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் எடுத்த படம் கேளுங்கள். இரண்டு உருவங்களும், கிளியும், கிதாரும், இசைத்தாள் அச்சிட்ட டைலும் இருக்கின்றனவா என்று முதலில் சரிபாருங்கள், காசு அங்கேதான் போகும். குறையும் சாம்பல் பிரிக்கை வீட்டிலுள்ள பழைய டப்பாவிலிருந்து எடுத்து அடைக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2004 வாக்கில் லெகோவின் சாம்பல் நிறமே மாறியது. முந்தையது சற்றுப் பழுப்புச் சாயல் கொண்டது, பிந்தையது நீலச் சாயல் கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரித் தெரியும்.

பின்னணியிலும் கொஞ்சம் அக்கறை வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன் வைத்தால் வெள்ளைப் பாகங்கள் கரைந்துபோகும், கறுப்புத் துணிக்கு முன் புகைபோக்கி காணாமல் போகும். நடுத்தரச் சாம்பல் நிறச் சார்ட் அட்டையைப் பின்னால் நிறுத்தினால் இரண்டுமே எடுப்பாக வரும். விளக்கு இடப்பக்கம் மேலிருந்து சாய்வாக விழட்டும். மிக்கியின் தலையை மட்டும் சற்றுப் பார்ப்பவர் பக்கம் திருப்பி வையுங்கள். சுக்கானை நேராகப் பார்த்து நின்றால் காது இரண்டும்தான் தெரியும், முகம் மறைந்துவிடும்.