ஆல்ப்ஸ் உச்சிக்கு: கையால் தொற்றியா, ஸ்கீயிலா?

புதுச்சேரியில் பலருக்குப் பிரான்சில் சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். லீவுக்குப் போகும்போது ஆல்ப்ஸ் பேச்சும் கூடவே வரும். கோடை என்றால் ஸ்கிராம்பிளிங், பனி இருந்தால் ஸ்கீ (பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீளப் பலகை) மலையேற்றம்.

ஸ்கிராம்பிளிங் நடைக்கும் கயிற்றேற்றத்துக்கும் நடுவில் உள்ளது. கையும் காலும் போட்டுப் பாறையில் ஏறுவது, பெரும்பாலும் கயிறில்லாமல். செலவு குறைவு. பாறையின் பிடிப்பு எப்படி என்று பார்க்கச் செஞ்சிப் பக்கம் போனாலே போதும். (ராஜகிரிக்குப் படிக்கட்டு இருக்கிறது, அது கணக்கில் சேராது.) சிக்கல் இறங்கும்போதுதான்: அடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாது, தவறினால் தாங்க ஒன்றுமில்லை.

ஸ்கீ வேறு கதை. ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டுவார்கள். அதன் இழைகள் பூனை முதுகு மாதிரி ஒரே பக்கம் படிந்திருக்கும். முன்னால் வழுக்கும், பின்னால் பிடிக்கும். ஏறும்போது குதிகால் கட்டில்லாமல் தூக்கிக்கொள்ளும். உச்சியில் பட்டையை உரித்து, குதிகாலைப் பூட்டிச் சறுக்க வேண்டியதுதான். மணிக்கணக்கில் ஏறியது நிமிடக்கணக்கில் முடிந்துவிடும்! 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீ மலையேற்றம் புதிதாகச் சேர்ந்த விளையாட்டு. ஆனால் ஸ்கீ நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் பனிச்சரிவு: 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் அதிகம். புதைந்தவரைத் தேட டிரான்சீவர் (இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ கருவி), குத்துக்கோல், மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும்.

கடற்கரைச் சாலையில் நடந்து பழகியவர்களுக்கு நான் சொல்வது ஸ்கிராம்பிளிங்தான், வழிகாட்டியோடு. மழை பெய்து பாறை ஈரமா? சரி, அன்றைக்கு விட்டுவிடுங்கள். வானம் தெளிந்ததும் பிரான்சின் மலையூரான ஷாமோனியிலிருந்து 3842 மீட்டர் உயர எகுய் து மிதி சிகரத்துக்குக் கேபிள் காரிலேயே போகலாம்.